இரண்டாவது கேபிள்

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
14 ஒக்டோபர் 2023

ஜோசுவா,

தாளும் பேனாவும் எடுத்து உனக்கு எழுத வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை. உன் போன் அடித்து ஓய்கிறது. வட்ஸ்அப்பில் அனுப்பியதை நீ பார்த்ததற்கு நீலக்குறி விழுகிறது, பதில் மட்டும் இல்லை. தண்டர் பேயில் நீ இருக்கும் விலாசத்தை நம் நாடகக்குழு அன்ட்ரூதான் தந்தான். "அக்கா, நான் தந்தனான் எண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றான். சொல்லிவிட்டேன். நாடகக்குழுவே கலைந்த பிறகு யார் யாரிடம் எதை ஒளிப்பது?

உன் அத்தானைப் பற்றி நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். எட்வேட்டை மறுவாழ்வு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். கழுத்தில் முறிந்த இடத்துக்குக் கீழே இடது கை மட்டும் கொஞ்சம் அசைகிறது. வலது கை இல்லை. கால்கள் இல்லை. பேச்சு இருக்கிறது. ஆனால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாததால் ஒரு வசனத்தை இரண்டு மூன்றாக உடைத்துப் பேசுகிறார். மைக் இல்லாமல் மண்டபத்தின் பின்வரிசைக்குக் கேட்ட குரல் அது.

ஒவ்வொரு நாளும் என்னைக் கண்டவுடன் கேட்கிறார்: "ஜோசு வந்தவனோ?"

ஒத்திகையில் அவர் மேலேயிருந்து விழுந்த அன்று நீ ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தாய். ஸ்டெபனி உன்னைக் கண்டிருக்கிறாள். "மாமா, அப்பாவைப் பாக்க வாங்கோ" என்று கையைப் பிடித்திருக்கிறாள். காரை ஒழுங்காக நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவன், அடுத்த மாதம் ஒன்ராறியோவின் அந்தப் பக்கத்தில் வேலை எடுத்துவிட்டாய். நீ கனடாவுக்கு வந்து இறங்கிய அன்று தன் ஜக்கெற்றைக் கழற்றி உனக்குப் போட்டுவிட்டு, தான் நடுங்கிக்கொண்டு கார் ஓடிய மனிதர் அவர்.

நான் கேட்பது ஒன்றுதான். அன்று இரண்டாவது கேபிள் ஏன் பூட்டப்படாமல் இருந்தது?

மக்டலீன்


தண்டர் பே
30 ஒக்டோபர் 2023

அக்கா,

உங்கள் கடிதம் வந்து ஒரு கிழமைக்கு மேல் மேசையில் கிடந்தது. உங்கள் கையெழுத்தைக் கண்டதும் உடைக்கப் பயமாக இருந்தது.

இங்கே ஒரு காகித ஆலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பகுதியில் இருக்கிறேன். என்னோடு வேலை செய்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. அது வசதியாக இருக்கிறது. நம் நாடகத்தின் முதல் காட்சியில் நீங்கள் ஒரு கடிதத்தை வைத்தீர்களே, நினைவிருக்கிறதா? முப்பது வயது லியொனார்டோ டா வின்சி, மிலான் நகரத்துப் பிரபுவிடம் வேலை கேட்டு எழுதுகிறார். பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், சுரங்கம் தோண்டுவேன் என்று அடுக்கிக்கொண்டு போய், கடைசியில்தான் ஓவியமும் வரையத் தெரியும் என்கிறார். நான் இந்த ஆலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் அந்தக் கடைசி வரியையும் விட்டுவிட்டேன். தூரிகையை இனித் தொடப் போவதில்லை.

அத்தானின் வலது கை என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. நம் நாடகக் கிழவர் லியொனார்டோவுக்கும் அதுதானே நடந்தது. பிரான்ஸ் அரசனின் விருந்தாளியாக அம்புவாசில் இருந்த கடைசி வருடங்களில் வலது கை விளங்காமல் போயிற்று. இடது கைக்காரர் என்றபடியால் கீறுவதை விடவில்லை. அத்தான் அவராக நடிக்க எத்தனை மாதம் இடது கையால் எழுதிப் பழகினார்! அதை நினைத்தால் எனக்கு மயிர் கூச்செறிகிறது.

கேபிளைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டாவதை நான் பூட்டி முடிக்கவில்லை. நான் வந்து பூட்டும் வரை மேடைக்கு மேலே தூக்கும் அந்தச் சிறகுச் செட்டையில் ஒருவரையும் ஏற்ற வேண்டாம் என்று அன்ட்ரூவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். நானும் ஒன்று கேட்கலாமா அக்கா?

அத்தானை ஏறச் சொன்னது யார்?

ஜோசுவா


வெக்ஸ்போர்ட்
11 நவம்பர் 2023

ஜோசுவா,

என் புருஷன் உன்னுடைய கிழவர் இல்லை. அவருடைய வலது கை ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஒருவரின் வலது கை இல்லை. அந்தக் கையில் நேற்று ஊசி குத்தியபோது அவருக்குத் தெரியவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பினேன். உனக்கு மயிர் கூச்செறிய வைப்பதற்காக அவர் அங்கே படுத்திருக்கவில்லை.

யார் ஏறச் சொன்னது என்று உனக்குத் தெரியாதா? திரைக்குப் பின்னால் ஏணியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? சரி, நானே எழுதுகிறேன். நீ அதை வாசி.

கடைசி ஒத்திகை. மில்லிக்கனில் பிளாசாவுக்குப் பின்னால் நாங்கள் வாடகைக்கு எடுத்த மண்டபம். மற்றக் காட்சிகள் எல்லாம் முடிந்துவிட்டன. கிழவர் செத்துப்போகும் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. வாழ்நாள் முழுக்கப் பறவைகளைப் பார்த்துச் செட்டை கீறியவர், உயிரோடு இருக்கும்வரை பறக்காதவர், செத்த பிறகாவது மேடையில் எழும்பட்டும் என்று அந்த முடிவை எழுதியவள் நான். செட்டையைச் செய்தவன் நீ. மூங்கிலும் அலுமினியமும் வெள்ளைத் துணியுமாக, ஸ்காபரோவில் இப்படி ஒரு பொருளை ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள்.

"ஜோசு, முடிஞ்சுதோ?" என்று கூப்பிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் அக்கா."

"என்னடா செய்யிறாய்? கேபிளோ?"

"இல்லை. வானம். பின்படுதாவிலை இந்த மூலை கொஞ்சம் கறுத்துப்போச்சு."

மூன்று வருடமாக இந்த "இன்னும் கொஞ்சத்தை"க் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. எட்வேட்டைப் பார்த்துச் சொன்னேன்: "உவன் இப்பிடித்தான். நீங்கள் ஏறுங்கோ."

அன்ட்ரூ தடுத்தான். "அக்கா, ஒரு கேபிள்தான் பூட்டியிருக்கு."

"ஒண்டே ரெண்டு பேரைத் தாங்கும் எண்டு அவன்தானே சொன்னவன்."

நீ சொன்னாய். தேநீர் குடிக்கும்போது, எல்லோருக்கும் முன்னால், பெருமையாகச் சொன்னாய். நான் அதைத் திருப்பிச் சொன்னதையும் ஏணியில் நின்றபடி கேட்டாய். இறங்கி வரவில்லை.

எட்வேட் சிரித்துக்கொண்டு ஏறினார். "நான் பறந்து போனா நீர் தேடக்கூடாது" என்றார் என்னிடம். செட்டை பாதி உயரம் போனதும் ஒரு பக்கம் சரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எழுத என்னால் முடியாது.

ஏறச் சொன்னவள் நான். இப்போது உனக்குக் கொஞ்சம் இலேசாக இருக்கிறதா? இருந்தால் நல்லது. எனக்கு இல்லை.

மக்டலீன்


தண்டர் பே
2 டிசம்பர் 2023

அக்கா,

இலேசாக இல்லை.

கேட்டுக்கொண்டுதான் நின்றேன். நீங்கள் சொன்னது, அன்ட்ரூ சொன்னது எல்லாம் காதில் விழுந்தது. தூரிகையில் நீலம் இருந்தது. காய்வதற்குள் இழுத்துவிட வேண்டும், இழுத்துவிட்டு இறங்குவோம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. பெரிய காரணம் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று நாள்தோறும் தேடிப் பார்க்கிறேன்.

பொலிஸ் என்னோடு இரண்டு தடவை பேசியது. விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்த அதிகாரி என் தோளில் தட்டி, கவனமாக வீட்டுக்குப் போ என்று சொல்லி அனுப்பினார். யாராவது என்னைப் பிடித்து அடைத்திருந்தால் எங்கே போவது என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

என்னைச் சின்ன வயதிலிருந்து எல்லோரும் அவரோடு ஒப்பிட்டார்கள், உங்களையும் சேர்த்து. இயந்திரமும் தெரியும், படமும் வரும், எதையும் முடிக்க மாட்டான், பெரிய கலைஞர்கள் அப்படித்தான் என்று சிரிப்பீர்கள். நானும் அதை நம்பி வளர்ந்தேன். அவர் புளோரன்சில் போர்க்காட்சியைச் சுவரில் வரைந்தபோது, எல்லோரும் செய்யும் முறை பிடிக்காமல் தன் சொந்த எண்ணெய்க் கலவையைப் பூசினார். வர்ணம் காயாமல் வழிந்தது. வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கு நாங்கள் அதையும் மேதைமை என்கிறோம். வழிந்தது வர்ணம் மட்டும்தான் அக்கா. அவருடைய சுவருக்குக் கீழே ஒருவரும் விழுந்து கிடக்கவில்லை.

நத்தார்த் திருநாளுக்கு வருகிறேன். அத்தானிடம் சொல்லுங்கள். நிச்சயமாக வருகிறேன்.

ஜோசுவா


வெக்ஸ்போர்ட்
29 டிசம்பர் 2023

ஜோசுவா,

பனி கொட்டியதால் பாதை மூடிவிட்டது என்று ஸ்டெபனிக்கு அனுப்பியிருந்தாய். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருவரின் மகன் தண்டர் பேயிலிருந்து காரில்தான் வந்தான், நத்தாருக்கு முதல் நாள். பாதை எப்படி என்று கேட்டேன். நல்லாயிருந்தது என்றான்.

எட்வேட் நத்தார் அன்று காலையில் தாடியை வழிக்கச் சொன்னார். நீலச் சட்டையைக் கொண்டுவரச் சொன்னார். அவருக்குச் சட்டை போடுவது என்றால் இரண்டு தாதிமார் வேண்டும், போட்டு முடிய அவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிடும். போட்டார். கதவுப் பக்கம் கட்டிலைத் திருப்பச் சொன்னார். பொழுதுபடும் வரை அப்படியே இருந்தார்.

"அப்பா, மாமா வரமாட்டார். லெட் இற் கோ" என்றாள் ஸ்டெபனி.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

"அவன் வந்தா நான் பேசுவன். நல்லாப் பேசுவன். என்னை உப்பிடிக் கிடத்திப்போட்டு வானம் தீட்டினவனை நான் சும்மா விடமாட்டன். பேசி முடிச்சாப் பிறகுதான் மன்னிக்கிறதோ இல்லையோ எண்டு எனக்கே தெரியும். அவன் வராமல் இருந்தா நான் இந்தக் கோவத்தை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது, மக்டலீன்?"

இதற்குப் பதில் நீ சொல்.

மக்டலீன்


தண்டர் பே
18 ஜனவரி 2024

அக்கா,

பாதை மூடவில்லை. நான் பொய் சொன்னேன்.

புறப்பட்டேன். வழியில் வாவா என்ற ஊர் வரை கார் ஓடினேன். அங்கே பெற்றோல் அடித்துவிட்டுக் காருக்குள் ஏறி இருந்தேன். அத்தானின் அறைக்குள் நுழைந்து முதலில் எதைப் பார்ப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். முகத்தையா, அந்தக் கையையா. கால்களைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று நினைத்தேன். பிறகு காரைத் திருப்பினேன். திருப்பும்போது அழுகைகூட வரவில்லை. ஏதோ மறந்துவிட்ட பொருளை எடுக்க வீட்டுக்குப் போவதுபோல் இருந்தது.

அவர் சொன்னதை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆலையில் இயந்திரச் சத்தத்துக்குள் அவருடைய குரலில் சொல்லிப் பார்க்கிறேன். "நல்லாப் பேசுவன்." அவர் ஏசட்டும் அக்கா. அதை வாங்கத்தான் நான் வர வேண்டும், தெரிகிறது. ஆனால் அவர் ஏசாமல், என்னைக் கண்டதும் "வாடா ஜோசு" என்று சொல்லிவிட்டால்? அதற்குத்தான் பயப்படுகிறேன் என்று நினைக்கிறேன்.

மாசி மாதம் வேலை கொஞ்சம் குறையும். அப்போது வருவேன் என்று எழுத நினைத்தேன். எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜோசுவா


வெக்ஸ்போர்ட்
4 பெப்ரவரி 2024

தம்பி,

இதைக் கோபத்தோடு எழுதவில்லை.

இரண்டு கிழமைக்கு முன் எட்வேட் நாடகப் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார். "முடிவை மாத்தும்" என்றார். "அவரைப் பறக்க விடாதேயும். அவர் பறக்கேல்லை. கட்டிலிலை கிடக்கட்டும். கிடந்துகொண்டு, தான் செய்ததெல்லாம் எங்கை எண்டு கேக்கட்டும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எங்களில் யார் எதை எழுதினோம் என்று இப்போது பிரிக்க முடியாது. வியாழக்கிழமை அவருடைய அறையிலேயே அதை நடித்தோம். கிழவர் எட்வேட். பக்கத்தில் இருக்கும் சீடன் அன்ட்ரூ. பார்த்தவர்கள் நானும் ஸ்டெபனியும் இரண்டு தாதிமாரும் பக்கத்துக் கட்டில் கிரேக்கக் கிழவரும். உனக்கு அந்த இடத்தை மட்டும் எழுதுகிறேன்.

கிழவர் கேட்கிறார்: "மிலானில் நான் செய்த குதிரை எங்கே?"

சீடன் சொல்கிறான்: "அதை வார்க்க வைத்திருந்த வெண்கலம் பீரங்கிக்குப் போயிற்று. மண்ணில் செய்த குதிரையைப் பிரெஞ்சு வில்லாளிகள் எய்து விளையாடினார்கள்."

"புளோரன்சுச் சுவர்?"

"வழிந்துவிட்டது."

"சுவரில் தீட்டிய அந்த இராப்போசனம்?"

"உரிந்துகொண்டிருக்கிறது, ஐயா."

"என் செட்டை?"

"அதில் ஒருவரும் ஏறவில்லை, ஐயா."

அந்த இடத்தில் கிழவருக்கு ஒரு சொல்தான் இருக்கிறது. எட்வேட் அதைச் சொல்ல நெடுநேரம் எடுத்தார். வசனம் மறந்துவிட்டது என்று அன்ட்ரூ நினைத்து எடுத்துக்கொடுக்க வாய் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நல்லது" என்றார்.

கிரேக்கக் கிழவர் ஒரு சொல்லும் விளங்காமல் கை தட்டினார். ஒரு தாதி வெளியே போய்விட்டாள். எட்வேட் என்னைப் பார்த்து, "எப்பிடி?" என்று கேட்டார். அவர் வாழ்க்கையில் நடித்ததில் இதுதான் திறம் என்று சொன்னேன். அது உண்மை.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் தொடங்கிவிட்டது. நுரையீரலில் சளி. இருமி எடுக்கும் பலம் நெஞ்சுக்கு இல்லை. வைத்தியர் என்னை வெளியே கூப்பிட்டு, வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார்.

வர வேண்டியவன் நீ ஒருவன்தான். இந்தக் கடிதம் வரும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் ஸ்டெபனி போனிலும் கூப்பிடுவாள். எடு. உடனே புறப்படு. வாவாவில் நிறுத்தாதே.

மக்டலீன்


தண்டர் பே
22 பெப்ரவரி 2024

அக்கா,

ஸ்டெபனி கூப்பிட்டபோது போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்து ஓயும் வரை பார்த்தேன். பிறகு அவள் அனுப்பியதையும் வாசித்தேன். எனக்குள் ஏதோ ஒன்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது. உங்கள் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் புறப்பட்டேன். வழியில் சூ சென்மேரியில் அவள் அனுப்பிய அடுத்த செய்தி வந்தது. அத்தான் போய்விட்டார் என்று.

அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. அடக்கப் பூசைக்கு வந்திருக்கலாம். ஒரு மோட்டலில் அறை எடுத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தேன். நான் வந்து சேர்ந்தபோது அவரை அடக்கிய சேமக்காலையில் ஒருவரும் இல்லை. இரண்டு வேலையாட்கள் பச்சை விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். "குடும்பமா?" என்று ஒருவர் கேட்டார். ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. நண்பர் என்றேன். அதுவும் பொய்போல் இருந்தது. அவர்கள் விலகி நின்று எனக்கு இடம் விட்டார்கள். புது மண், பனியில் நனைந்திருந்தது. ஏச வேண்டிய மனிதர் ஏசாமலே போய்விட்டார்.

அடுத்த நாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் கார் நின்றது. மணி அடித்தேன். திரும்பவும் அடித்தேன். ஒருவரும் திறக்கவில்லை. நீங்கள் இல்லையாக்கும் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் படியில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் வீட்டில் இருந்தீர்களா, அக்கா?

ஜோசுவா


வெக்ஸ்போர்ட்
9 மார்ச் 2024

ஜோசு,

இருந்தேன்.

முதல் மணிக்கே தெரியும், நீதான் என்று. கதவுக்கு இந்தப் பக்கம் வந்து பூட்டில் கையை வைத்தேன். பக்கத்துக் கண்ணாடியால் உன்னைப் பார்த்தேன். மெலிந்துபோய் இருக்கிறாய். கையுறை போட்டிருக்கவில்லை. இரண்டாவது தரம் மணி அடித்தபோது ஸ்டெபனி மேலேயிருந்து "ஆரம்மா?" என்று கேட்டாள். "ஒருத்தரும் இல்லை" என்றேன்.

ஏன் திறக்கவில்லை என்று அன்றிலிருந்து என்னையே கேட்கிறேன். உன்னை வெறுத்து இல்லை. வெறுப்பு வந்தால் ஒருவேளை திறந்திருப்பேன், திறந்து ஏசியிருப்பேன். திறந்தால் உன்னை உள்ளே கூப்பிட வேண்டும். உள்ளே வந்தால் தேத்தண்ணி போட வேண்டும். பாதை எப்படி, வேலை எப்படி என்று கேட்க வேண்டும். நீ சொல்வாய், நான் தலையாட்டுவேன், நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பற்றி நல்ல கதைகள் கதைப்போம், பிறகு எங்காவது ஓர் இடத்தில் சிரிப்போம்கூட. ஏறச் சொன்னவளும் இறங்கி வராதவனும் ஒரு மேசையில் இருந்து சிரிப்பதை நான் நினைத்துப் பார்த்தேன். பூட்டில் வைத்த கை திரும்பவில்லை.

நீ காருக்குள் ஏறிப் போன பிறகு கதவைத் திறந்தேன். படியில் உன் சப்பாத்து அடையாளம் இருந்தது. நெடுநேரம் நின்றிருக்கிறாய்.

வீட்டை விற்கச் சொல்கிறாள் ஸ்டெபனி. தன்னோடு கல்கரிக்கு வரச் சொல்கிறாள். போவேனோ தெரியாது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். இல்லத்தில் ஒரு கிழவியைக் கட்டிலில் தூக்கி வைக்கும்போது, தூக்கும் இயந்திரத்தின் பட்டியைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறேனாம். "மக்டலீன், போதும், பூட்டித்தான் இருக்கு" என்று கூட வேலை செய்யும் பிள்ளை கையைப் பிடிக்கிறாள். சில நாள் அதற்குப் பிறகும் இழுக்கிறேன்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் என்னையும் மன்னித்ததாகிவிடும். அதனால் எழுதவில்லை.

நீ எழுது. எது வேண்டுமென்றாலும் எழுது, குளிரைப் பற்றி எழுது, ஆலையைப் பற்றி எழுது. எல்லாவற்றையும் வாசிப்பேன். வீட்டுக்கு மட்டும் இப்போது வராதே. எப்போது வரலாம் என்று கேட்காதே, ஜோசு. எனக்கே தெரியாது.

அக்கா